மூன்றாவது குதிர்

பதினைந்து வயது வரை என் அம்மா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'ஏ பொண்ணு' என்பாள். 'இந்தாடி' என்பாள். கோபம் இல்லாத நேரத்தில் 'பாப்பா'. நான் ஏரிக்கரையில் விளையாடிக்கொண்டிருந்தால், மற்ற வீட்டு அம்மாக்கள் வாசலில் நின்றபடியே தங்கள் பிள்ளைகளின் பெயரை ஊருக்கே கேட்கும்படி கத்துவார்கள். என் அம்மா மட்டும் அத்தனை தூரமும் வெயிலில் நடந்து வந்து, தோளைத் தொட்டு அழைத்துப் போவாள். கூப்பிடக்கூட லாயக்கில்லாத பிள்ளையா நான் என்று எனக்கு ஆத்திரமாக வரும்.

அப்பாவும் அப்படித்தான். ஆனால் அவர் யாரிடமும் அதிகம் பேச மாட்டார், அதனால் அவர்மேல் எனக்குக் குறை இல்லை. அம்மா அப்படியில்லை, நல்ல வாயாடி. கொட்டகையில் இருந்த ஒவ்வொரு மாட்டுக்கும் ஒரு பெயர் வைத்திருந்தாள். கால் ஊனமான ஒரு கன்றுக்குட்டிக்குக்கூடப் பெயர் இருந்தது. அதைக் கூப்பிட்டுக் கொஞ்சும்போது நான் தூணைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நிற்பேன். அந்தக் கன்றை நான் இரண்டு தடவை யாருக்கும் தெரியாமல் கிள்ளியிருக்கிறேன்.

எங்கள் ஊர் பிரெஞ்சுக்காரன் ஆண்ட பாகூர் கம்யூனில் இருந்தது. ஏரிப் பாசனம். நெல்லும் கொஞ்சம் கரும்பும். வீட்டின் பின்கட்டில் நெல் அறை, அதில் மூன்று குதிர்கள். சுட்ட மண் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் களிமண் பூசி, ஆள் உயரத்துக்கு நிறுத்தியிருப்பார்கள். மேலே மூடி, நெல்லைக் கொட்டுவது அந்த வழியாக. அடியில், முழங்கால் உயரத்தில், கை நுழையும் அளவுக்கு ஒரு துளை. நெல்லை எடுப்பது இந்த வழியாக. அந்தத் துளையைப் பழந்துணியைச் சுருட்டி அடைத்து வைப்போம்.

முதல் இரண்டு குதிரிலும் நெல் இருக்கும். மூன்றாவதில் இருக்காது. அமோகமாக விளைந்து, கூடத்தில் மூட்டை அடுக்கி, நாங்கள் ஒருக்களித்து நடந்த வருஷத்தில்கூட அப்பா அதில் ஒரு மரக்கால் நெல் கொட்டவில்லை. கேட்டால், "அது விரிசல் வுட்டிருக்குது" என்பார். நான் அதைச் சாண் சாணாகத் தடவிப் பார்த்திருக்கிறேன். ஒரு விரிசலும் கிடையாது.

குதிரை வைத்து ஊரில் எல்லோரும் சிரித்துக்கொண்டே சொல்லும் சொலவடை ஒன்று உண்டு. எங்கள் வீட்டில் அதை யாரும் சொல்ல மாட்டார்கள். வந்த விருந்தாளி யாராவது தெரியாமல் சொல்லிவிட்டால் அம்மா எழுந்து உள்ளே போய்விடுவாள். அதேபோல் எலி என்ற வார்த்தையும் எங்கள் வீட்டில் புழங்கவில்லை. நெல் இருக்கும் வீட்டில் எலி இல்லாமல் இருக்குமா? ஓடும். ஓடினால் அம்மா பேசாமல் பூனையை எடுத்துக்கொண்டு வந்து அறையில் விடுவாள். அவ்வளவுதான்.

மத்தியானம் சோற்றுப் பானையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஊரே கண்ணயரும் நேரத்தில் அம்மா அந்த மூன்றாவது குதிரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொள்வாள். வெற்றிலை போடுவதில்லை, தூங்குவதில்லை. அடித்துளை அவள் முதுகுக்குப் பின்னால் மறைந்திருக்கும். கதவை யாரும் தள்ளித் திறந்துவிடாமல் முட்டுக்கொடுத்து உட்கார்வார்கள் இல்லையா, அந்த மாதிரி. நான் மடியில் வந்து படுத்தால் தலையைத் தடவிக்கொடுப்பாள். ஆனால் அவள் காது என்னிடம் இருக்காது.

என் பெயர் எனக்குத் தெரிந்ததே பள்ளிக்கூடத்தில்தான். அப்போது எனக்கு ஆறு வயது. அப்பா தகரப் பெட்டியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மடியில் கட்டிக்கொண்டு என்னை அழைத்துப் போனார். மேரியில் கொடுத்த காகிதம். கம்யூன் அலுவலகத்தை நாங்கள் மேரி என்போம். பிள்ளை பிறந்தாலும், ஆள் செத்தாலும், கல்யாணம் கட்டினாலும் அங்கே போய்ச் சொல்லி எழுதிவிட்டு வர வேண்டும் என்பது பிரெஞ்சுக்காரன் சட்டம். வாத்தியார் அந்தக் காகிதத்தைத் தூரத்தில் பிடித்துப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். மறுபடி காகிதத்தைப் பார்த்தார்.

"இன்னாப்பா, ஒம்போது முடிஞ்சி பத்து நடக்குதுன்னு கீது. பாத்தா ஆறு வயசுப் புள்ளையாட்டம் இருக்குதே?"

"சரியா சாப்புட மாட்டேங்குதுங்க" என்றார் அப்பா.

நானா சாப்பிடாத பிள்ளை! இரண்டு ஆள் சோற்றைத் தின்றுவிட்டு அடிப்பானையைச் சுரண்டுகிற சாதி நான். அப்பா பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. வாயைத் திறக்கப் போனேன், அதற்குள் வாத்தியார் காகிதத்தில் இருந்த பெயரை உரக்கப் படித்து, "போய் அப்படி உக்காரு" என்றார். யாரைச் சொல்கிறார் என்று திரும்பிப் பார்த்தேன். பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். என்னைத்தான்.

அன்று மத்தியானம் வீடு திரும்பும் வழி முழுக்க அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டே வந்தேன். வெல்லக்கட்டியை வாயில் ஒதுக்கிக்கொண்டு வருவதுபோல் இருந்தது. எனக்கும் பெயர் இருக்கிறது, அழகான பெயராக இருக்கிறது, இது அம்மாவுக்குத் தெரியவில்லை போலிருக்கிறது, நான் போய்ச் சொன்னால் இனிமேல் கூப்பிடுவாள். அப்படித்தான் நினைத்தேன். ஆறு வயதுக்கு அவ்வளவுதான் புத்தி.

அம்மா குதிரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நான் நெல் அறை வாசலில் நின்று, "யம்மா, எம்பேரு இன்னான்னு தெரியுமா?" என்று கேட்டு, அவள் வாயைத் திறப்பதற்குள் முழுப் பெயரையும் கத்திச் சொன்னேன்.

அவள் எழுந்து வந்ததை நான் பார்க்கவில்லை. அவளுடைய உள்ளங்கை என் வாயில் வந்து அறைந்ததுதான் தெரியும். பல் பட்டு உதடு கிழிந்து ரத்தம் உப்புக் கரித்தது. அம்மா என்னை அடித்ததே இல்லை. வலியைவிட ஆச்சரியத்தில் நான் அழ மறந்து நின்றேன். வாயைப் பொத்திய கையை அவள் எடுக்கவில்லை. இருவரும் அசையாமல் நின்றோம்.

அப்போது குதிருக்குள்ளிருந்து தட்டும் சத்தம் வந்தது. பலமாக இல்லை. விரல் நுனியால் தட்டினால் வருமே, அந்தச் சத்தம். மூன்று தட்டு. கொஞ்சம் நிறுத்தி இன்னும் மூன்று.

கை தளர்ந்ததும், "எலியாம்மா?" என்று கேட்டேன்.

அம்மாவின் முகம் மாறியதை எழுத எனக்குத் தெரியவில்லை. அடி வாங்கியது அவள்தான் என்பதுபோல் இருந்தது. அதற்குள் அடித்துளையை அடைத்திருந்த துணிச்சுருள், அவள் முதுகு இல்லாததால், மெல்ல மெல்ல வெளியே நகர்ந்து தரையில் விழுந்தது. அந்தத் துளையிலிருந்து, என் குரலைவிடச் சின்னக் குரல், ரகசியம் பேசுகிற மாதிரி, கேட்டது.

"வரட்டா?"

அம்மா பாய்ந்து போய்த் துணியைத் திணித்தாள். திணித்துவிட்டு அதன்மேலேயே சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். என்னைப் பார்க்கவில்லை. "போ, கஞ்சி ஊத்திக் குடி" என்றாள். நான் போய்க் குடித்தேன். உதட்டில் பட்ட இடம் எல்லாம் எரிந்தது.

அதற்குப் பிறகு அந்தக் குரலை நான் பல தடவை கேட்டிருக்கிறேன். எல்லாமே உச்சிப்பொழுதில், எல்லாமே அம்மா அந்த அறையில் இல்லாதபோது. நடவு நேரத்தில் அவள் கழனிக்குப் போயிருப்பாள். நான் தனியாக வீட்டில் இருப்பேன். முதலில் தட்டும் சத்தம், பிறகு துணி நகர்வது, பிறகு அது தரையில் விழும் மெத்தென்ற ஓசை, பிறகு "வரட்டா?" ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி. கோபம் கிடையாது, அழுகை கிடையாது. தின்பண்டம் கேட்கும் பிள்ளை, அம்மா கொடுப்பாள் என்று தெரிந்தே கேட்குமே, அந்தப் பணிவு. பயமுறுத்தியிருந்தால் நான் திருப்பித் திட்டியிருப்பேன்.

பயம் இருந்தாலும் எனக்குப் பொறாமைதான் அதிகம். அம்மாவின் முதுகு அந்தக் குதிருக்குச் சொந்தம், அவளுடைய மத்தியானம் அதற்குச் சொந்தம், காதும் அதற்குச் சொந்தம். ஒரு நாள் என்ன ஆனாலும் ஆகட்டும் என்று துளைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். துணி விழுந்தது. "வரட்டா?" என்றது.

"வா" என்றேன்.

உள்ளே யோசிப்பதுபோல் சத்தமில்லாமல் இருந்தது. மட்கிய நெல்லின் வாடை துளையிலிருந்து என் முகத்தில் வந்து மோதியது. பிறகு சொன்னது.

"நீ இல்ல. அம்மா."

நான் எழுந்து ஓடிக் கொட்டகையில் போய் அந்த நொண்டிக் கன்றின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றேன். யாரிடமும் சொல்லவில்லை. என்னவென்று சொல்வது? உள்ளே இருப்பதும் என்னைப்போல் அம்மா கூப்பிடுவதற்காகத்தான் காத்திருக்கிறது என்பது மட்டும் எனக்குப் புரிந்துவிட்டது.

எனக்கு எட்டு வயது நடந்தபோது அம்மை குத்துகிறவர் வந்தார். மேரியிலிருந்து அவர் புறப்பட்ட செய்தி அவருக்கு முன்னால் எங்கள் ஊருக்கு வந்துவிடும். அம்மனுக்கு விரோதமான காரியம், குத்தினால் காய்ச்சல் வந்து பிள்ளை போய்விடும் என்று பெண்கள் நடுங்குவார்கள். கரும்புத் தோட்டத்துக்கு அந்தப் பக்கம் இங்கிலீஷ்காரன் ஊர். ஓரத்து வீட்டுக்காரர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வரப்பைத் தாண்டி அங்கே போய்விடுவார்கள். அங்கே குத்த வரும் நாளில் அந்த ஊர்ப் பிள்ளைகள் எங்கள் தோப்பில் வந்து உட்கார்ந்திருக்கும். இரண்டு சர்க்காருக்கும் நடுவில் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பல பேர் தழும்பில்லாமலே வளர்ந்தார்கள். ஊர் நடுவில் வீடு உள்ளவர்களுக்குத்தான் கஷ்டம். வரப்புக்குப் போய்ச் சேருவதற்குள் அகப்பட்டுவிடுவார்கள். அவர்கள் வீட்டுக்குள்ளேயே மறைப்பார்கள்.

எங்கள் வீடு ஊர் நடுவில் இருந்தது. நான் போய் வைக்கோல் போருக்குள் புகுந்துகொண்டேன். அம்மா வந்து காலைப் பிடித்து இழுத்தாள். கையைப் பிடித்துத் தெருவில் தரதரவென்று அழைத்துப்போய், அவர் பெட்டியைத் திறப்பதற்கு முன்பே முதல் ஆளாக நிறுத்தினாள். "குத்துங்க" என்றாள். வேலி ஓரங்களில் இருந்து பார்த்த பெண்கள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார்கள். எனக்கு அவள்மேல் வந்த ஆத்திரம் சொல்லி மாளாது. மற்ற அம்மாக்கள் ஒளித்து வைக்கிறார்கள், இவள் பிடித்துக் கொடுக்கிறாள். பெயர் சொல்லாதவள் வேறு என்ன செய்வாள்!

இடது கையில் இரண்டு இடத்தில் குத்தினார். இன்றைக்கும் இரண்டு வட்டத் தழும்பு இருக்கிறது. குத்திவிட்டுப் புத்தகத்தைப் புரட்டி என் பெயரைத் தேடினார். நரைத்த மீசை, நல்ல சுபாவம். அப்பா அவருக்காக இளநீர் சீவிக்கொண்டிருந்தார்.

"அட, இந்தப் பொண்ணா!" என்றார் அவர் சிரித்துக்கொண்டே. "பல வருசம் முன்ன நான் வந்தப்ப, பண்டசோழநல்லூர்ல மாமன் வூட்டுக்குப் போயிருக்குதுன்னு சொன்னீங்க. எழுதி வச்சிருக்கேன் பாருங்க. அன்னிக்கும் இதேமாதிரி எளநீ வெட்டிக் குடுத்தீங்க. உள்ள எலி தட்டிக்கினே இருந்துச்சு. எம்மாம் பெரிய எலிங்கன்னு கேட்டேன். எனக்கு நல்லா நெனப்பு இருக்குது. அந்த எலித்தொல்லை தீந்துதா?"

அப்பா அரிவாளைக் கீழே வைத்தார். மெதுவாக, சத்தம் வராமல் வைத்தார். எழுந்து, துண்டைக்கூட எடுக்காமல், ஏரிக்கரைப் பக்கம் நடந்து போனார். அவர் திரும்பி வரும்போது விளக்கு வைத்தாகிவிட்டது. அம்மா என் கையை விடாமல் வீட்டுக்கு அழைத்து வந்து, நெல் அறையில் மூன்றாவது குதிருக்கு முன்னால் என்னை உட்காரவைத்தாள். தானும் உட்கார்ந்தாள். அன்று அவள் அதில் சாயவில்லை.

"உனக்கு முன்ன ஒருத்தி இருந்தா" என்றாள்.

மூன்று வயது தாண்டிய பெண். அன்று அம்மை குத்துகிறவர் தெருவுக்குள் வந்துவிட்டார். வரப்புப் பக்கம் ஓட நேரமில்லை. அம்மா நான்கைந்து மாதம் சுமந்துகொண்டிருந்தாள், என்னை. குதிர் காலியாகத்தான் கிடந்தது. காலி என்றால் முழுக்கக் காலி இல்லை, அடியில் நனைந்த நெல் கொஞ்சம். அப்பா பிள்ளையைத் தூக்கி மேல்வழியாக உள்ளே இறக்கினார்.

"நான் கூப்புடுற வரைக்கும் வெளிய வரக்கூடாது, கூப்ட்டா மட்டும்தான் வரணும்னு சொன்னேன். சரிம்மான்னா. சிரிச்சிக்கினே சொன்னா. உங்கப்பா மூடியப் போட்டாரு. அடியில தொளையில அவ வெரல வுட்டு ஆட்டிக்கினு இருந்தா. குத்த வந்தவரு பாத்துடுவாருன்னு சொல்லி உங்கப்பா துணியப் போட்டு அடைச்சாரு."

ஈரநெல் கிடக்கும் குதிருக்குள் விஷக்காற்று தங்கும் என்பது எங்களைப்போன்ற வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆள் இறங்குவதற்கு முன் மூடியையும் அடித்துளையையும் திறந்துபோட்டு ஒரு பொழுது காற்றாடவிடுவார்கள். பிறகு விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பார்கள். அணைந்தால் இறங்க மாட்டார்கள். அப்பா அதை வருஷா வருஷம் செய்தவர். அன்று மேரிக்காரர் தெருமுனையில் நின்றார். அப்பாவுக்கு விளக்கு நினைவுக்கு வரவில்லை.

வந்தவரைச் சீக்கிரம் அனுப்பவும் பயம். சந்தேகப்படுவாரே. உட்காரவைத்து இளநீர் கொடுத்தார்கள். அவர் ஊர்க்கதை பேசினார். உள்ளே தட்டும் சத்தம் கேட்டது. அது என்ன என்று கேட்டார்.

"உங்கப்பா எலின்னாரு" என்றாள் அம்மா. "நானும் ஆமாங்க, எலிதான்னேன்."

கையால் அடித்துளைத் துணியை அழுத்திவிட்டாள். பிறகு சொன்னாள். "தட்டுனா. அழுவல. கத்தல. கத்தியிருந்தா ஓடிப்போய்த் தொறந்திருப்பேன். நான் சொன்னேன்ல, கூப்புடாம வரக்கூடாதுன்னு. சொன்ன பேச்சு கேக்கற பொண்ணு அவ."

குத்த வந்தவர் எழுந்து போனபிறகு அப்பா மூடியைத் திறந்தார். அம்மா கூப்பிடவே இல்லை. கூப்பிடுவதற்கு முன்பே அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

செத்தால் மேரியில் போய்ச் சொல்ல வேண்டும். எப்படிச் செத்தது என்று கேட்பார்கள். மாமன் வீட்டுக்குப் போன பிள்ளை குதிருக்குள் எப்படி வந்தது என்று போலீஸ்காரன் கேட்பான். அப்பா சொல்லவில்லை. பொழுது சாய்வதற்குள் கரும்புத் தோட்டத்து ஓரத்தில் காரியம் முடிந்தது. ஊருக்குத் தெரியாமலா? தெரியும். ஊர் வாயை மூடிக்கொண்டது. நடுத்தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் அன்று ஒரு பிள்ளை ஒளிந்திருந்தது. பிறகு நான் பிறந்தேன். பெண்ணாகப் பிறந்தேன். அப்பா என்னைப் பதியப் போகவில்லை. தகரப் பெட்டியில் ஒரு பெண்ணின் காகிதம் இருந்தது. அதை எனக்கு வைத்துக்கொண்டார். பெயரோடு சேர்த்து.

அப்போதும் என் பிடிவாதம் என்னை விடவில்லை. "அப்போ அவளக் கூப்புடும்மா. கூப்புடத்தான காத்துக்கினு கீறா" என்றேன்.

அம்மா என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"கூப்ட்டா வந்துருவாடி. சொன்ன பேச்சு கேக்கறவ. வந்தா எங்க நிப்பா? பேரு ஒண்ணு, காகிதம் ஒண்ணு, எடம் ஒண்ணு. அவ வந்து நின்னா நீ எங்க போவ? அதான் நான் வாயத் தொறக்கறதில்ல. ஒன்ன நெனச்சிக் கூப்ட்டாலும் அவ வந்துட்டா?"

இத்தனை வருஷம் நான் அவளை வைதுகொண்டிருந்தேன். அவள் என்னை இழந்துவிடாமல் இருப்பதற்காக வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதே வாய்க்கட்டில் இன்னொரு பெண்ணை உள்ளேயே உட்காரவைத்திருந்தாள். எனக்கு அழுகை வந்தது. யாருக்காக அழுதேன் என்று கேட்டால் தெரியாது. மூன்று பேருக்கும் சேர்த்து இருக்கலாம்.

அதன்பிறகு எனக்குக் குதிர்மேல் பொறாமை போய்விட்டது. பொரி உருண்டை கிடைத்தால் பாதியைத் துளைக்குள் தள்ளிவிடுவேன். மறுநாள் பார்த்தால் இருக்காது. எலி தின்றிருக்கலாம். எங்கள் வீட்டில் அந்த வார்த்தையைச் சொல்லி எதையும் தீர்த்துக்கொள்ள முடியாது.

எனக்குப் பதினைந்து நடந்தபோது கல்யாணம் கூடியது. காகிதப்படி பதினெட்டு முடிந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு முன்னால் பூவாடைக்காரியைக் கூப்பிடுவது வழக்கம். அந்தக் குடும்பத்தில் பூவோடும் பொட்டோடும் போய்ச் சேர்ந்த பெண்ணையோ, கன்னியாகவே போன பெண்ணையோ, நீர்க்கரையில் நின்று பெயர் சொல்லி அழைப்பார்கள். அவளை வீட்டுக்குக் கொண்டுவந்து, புதுத்துணி வைத்துப் படைப்பார்கள். அவள் வந்து மனசார நின்ற பிறகுதான் பந்தக்கால். அப்பா வழிப் பெண்கள் குடத்தைத் தேய்த்து, மஞ்சள் பூசி, ஏரிக்கரைக்குக் கிளம்பத் தயாராக நின்றார்கள்.

அம்மா அறைக்குள்ளிருந்து புதுத்துணித் தட்டோடு வந்தாள். தட்டில் ஒரு சிவப்புப் பாவாடை இருந்தது. என் இரண்டு கை விரல்களை விரித்தால் இடுப்பு அடங்கிவிடும். மூன்று வயதுப் பிள்ளைக்குத் தைத்தது.

"ஏரிக்கு வேணாம்" என்றாள். "அவ தண்ணியில போவல."

யாரும் எதிர்த்துப் பேசவில்லை. நான் சொன்னேன் இல்லையா, ஊருக்குத் தெரியும் என்று. பெண்கள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு வாசலோடு நின்றுகொண்டார்கள். நெல் அறைக்கு நாங்கள் மூன்று பேர் மட்டும் போனோம். மாலை வெயில் கூரைச் சந்தில் இறங்கிக்கொண்டிருந்தது. அப்பா ஏணியை வைத்து ஏறி, பதினைந்து வருஷமாகத் தொடாத மூடியை எடுத்தார். இறங்கி வந்து, அடித்துளைத் துணியை உருவப் போனவர் தொடாமல் என் பக்கம் திரும்பினார். நான் உருவினேன். பிறகு அவர் விளக்கைக் கயிற்றில் கட்டி, மேல்வழியாக மெல்ல உள்ளே இறக்கினார். இப்போது என்ன பிரயோசனம் என்று கேட்கத் தோன்றவில்லை. விளக்கு அணையவில்லை. துளை வழியே அந்த வெளிச்சம் தரையில் வந்து விழுந்தது.

அம்மா என்னைப் பார்த்தாள். அவளுக்கு என்ன பயம் என்று எனக்குத் தெரியும். நான் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன். "கூப்புடும்மா, நான் எங்கயும் போவ மாட்டேன்" என்றேன்.

அவள் கூப்பிட்டாள்.

வாசலில் நின்று மற்ற அம்மாக்கள் கூப்பிடுவார்களே, அதே குரலில், விளையாடப் போன பிள்ளை ஏரிக்கரை வரைக்கும் கேட்கும்படி, அந்தப் பெயரை முழுசாகக் கூப்பிட்டாள். அந்தக் குரலில் அந்தப் பெயரைக் கேட்பதற்காக நான் பிறந்தது முதல் காத்திருந்தேன். 'ஏம்மா' என்று சொல்ல என் நாக்கு எழுந்தேவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டேன். அது எனக்கு வந்த அழைப்பு இல்லை.

துளையில் விழுந்த வெளிச்சம் ஒரு கணம் மறைந்தது. உள்ளே விளக்குக்கும் துளைக்கும் நடுவில் ஏதோ குறுக்கே வந்ததுபோல். பிறகு வெளிச்சம் திரும்பியது. என் பாவாடை ஓரம் அசைந்தது, காற்று இல்லாத அறையில். தட்டில் இருந்த சிவப்புப் பாவாடையின் மடிப்பு அவிழ்ந்திருந்தது. அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "வந்துட்டாடி, வந்துட்டா" என்று அம்மாவிடம் சொல்லிச் சொல்லி அழுதார். அந்த மனுஷன் அழுது நான் அன்றுதான் பார்த்தேன்.

அந்தப் பெயர் அதற்குரியவளிடம் போய்விட்டது. மறுநாள் மேரியில் அதே பெயரைச் சொல்லித்தான் என் கல்யாணத்தை எழுதப் போகிறார்கள், எழுதிக்கொள்ளட்டும். எனக்கு மட்டும் கையில் ஒன்றும் இல்லாமல் போனது. இதுவும் போயிற்றா என்று நின்றேன். மனசு கனத்துக் கிடந்தது.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். நான் அதுவரை கேட்டிராத ஒரு பெயரைச் சொன்னாள். சின்னப் பெயர். மெதுவாகத்தான் சொன்னாள், ஆனால் என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"நீ வயித்துல இருக்கும்போது உனக்குன்னு நெனச்சி வச்ச பேரு" என்றாள். "பொண்ணாப் பொறந்தா இதுதான்னு அவகிட்டகூடச் சொல்லியிருந்தேன்."

மறுபடி ஒரு தடவை கூப்பிட்டாள். 'ஏம்மா' என்றேன்.

அந்தப் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை. என் கணவருக்குத் தெரியாது, என் பிள்ளைகளுக்குத் தெரியாது. அம்மா இருந்தவரை, நான் ஊருக்குப் போகும்போதெல்லாம், தெருமுனையில் என் தலை தெரிந்ததும் வாசலில் நின்றபடியே அந்தப் பெயரைச் சொல்லிக் கத்துவாள். அவள் போனபிறகு யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. இங்கேயும் அதை நான் எழுதப்போவதில்லை.